உன் பெயருக்குக் கீழே என் பெயர்

கணினியை இன்று அலுமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்தெடுத்தேன். அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், அந்தச் சனியனை யாருக்காவது கொடுத்துத் தொலை என்று உம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தார். கொடுப்பதற்கு முன் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போமே என்று வயரைச் செருகினேன். உள்ளே விசிறி இருமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. சூடேறிய தூசியோடு வெங்காய மணம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. வாப்பா வெங்காயப் பிடிகளைக் காயக் கட்டித் தொங்கவிட்ட அறையில்தான் எனக்கு மூத்தவரான நானா கட்டாரிலிருந்து அனுப்பிய கணினியையும் வைத்தோம். தலைக்கு மேல் வெங்காயம் தொங்க, நாம் இரண்டு பேரும் ஒரே கதிரையில் பாதிப் பாதியாக உட்கார்ந்து ஒரு கிரகத்தை ஆண்டோம்.

அந்தக் கிரகம் இன்னும் இருக்கிறது. விளையாட்டைத் திறந்தவுடன் புள்ளிப் பலகை வந்தது. முதலாவது உன் பெயர். அதற்குக் கீழே என் பெயர். மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் எனக்கு மேலேதான் இருக்கிறாய்.

பொறாமை என்றுதான் சொல்கிறேன். இதற்கு வேறு நல்ல பெயர் தேட எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாளிலிருந்தே உன்னைக் கண்டால் எனக்கு வயிறெரியும். நீ ஆலங்குடா அகதி முகாம் பிள்ளை. உங்களுக்கு யாரோ வந்து புதுப் பை, புதுக் குடை எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு நானாவின் பழைய பை. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லியும் காட்டினேன். நீ பையைக் கழற்றி என் மேசையில் வைத்தாய்.

"இந்தா, நீயே வெச்சுக்க. உங்கட ஊட்ட எனக்குத் தா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து கூட்டாளிகள். ஆனால் உள்ளே இன்னொரு எரிச்சல் முளைத்துவிட்டது. உன்னிடம் இழந்துபோன ஊர் ஒன்று இருந்தது. முசலிப் பக்கம், நீ பிறப்பதற்கு முன்பே உன் வாப்பாவும் உம்மாவும் விட்டுவிட்டு வந்த ஊர். நீ ஒரு நாளும் கண்டதில்லை. ஆனாலும் "எங்கட ஊரு" என்று நீ வாயெடுத்தால் போதும், அங்கே குளம் இருக்கும், குளத்தில் தாமரை இருக்கும், பாலைப்பழம் கொட்டிக் கிடக்கும். எனக்கு எங்கள் குறிஞ்சிப்பிட்டி மணலைத் தவிர வேறென்ன இருந்தது? யாரும் என்னை எங்கிருந்தும் விரட்டவில்லை, எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் தெரிகிற காட்டு விளிம்பைக் காட்டி, "இதுக்கும் அங்காலதான்" என்பாய். "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று உம்மா சிரிப்பார். சிரித்துக்கொண்டே பொரித்த மீனின் நடுத்துண்டை உன் தட்டில் வைப்பார். அதற்கும் எனக்கு எரியும்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் கணினி வந்தது. புத்தளம் டவுனில் வாங்கிய சீடியில் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு முழுக் கிரகத்தையே நம் கையில் தருவார்கள். மழை பெய்விக்கலாம், காடு வளர்க்கலாம், கடலில் மீன் விடலாம், சனங்களைக் குடியேற்றலாம். திரையின் மேலே இரண்டு கோடுகள். பச்சை இயற்கைக்கு, மஞ்சள் மனிதருக்கு. ஒன்று ஏறி மற்றது விழுந்தால் கிரகம் செத்துப்போகும். இரண்டும் சேர்ந்ததுதான் புள்ளி, கோடு விழுந்தால் பலகையில் பெயரும் இறங்கும்.

என் முதல் கிரகத்தை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். எனக்குத் தெரிந்த மண் எங்கள் மண்தானே? காலையில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற மணல். பாத்திக்கு ஊற்றுவதுபோல் கிரகத்துக்குக் காலையும் மாலையும் மழையை ஊற்றினேன். காடு அழுகியது, ஊர்கள் மிதந்தன. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இது குறிஞ்சிப்பிட்டி மணல் இல்ல புள்ள. கொஞ்சம் காய உடு."

நீ உட்கார்ந்தால் இரண்டு கோடும் சேர்ந்தே ஏறும். மீன்பிடி ஊர் ஒன்றை வைப்பாய், பக்கத்திலேயே உப்புத் தண்ணீரில் நிற்கிற கண்ணாக்காட்டை வளர்ப்பாய், அவசரமே படமாட்டாய். கணினி என்னுடையது, கரண்ட் பில் என் வாப்பாவுடையது, புள்ளி மட்டும் உன்னுடையது. "அவளப் பாத்துப் பழகு" என்று உம்மா வேறு சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு ஒரு நாள் நான் உன்னை வென்றேன். நீ வருவதற்கு முன், பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து வழியைக் கண்டுபிடித்தேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் பச்சைக் கோட்டை ஏறவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சனங்களை அப்படியே தூக்கிப் பெரிய நகரத்தில் விட்டேன். ஒரு பட்டனை அமத்தினால் போதும். வீடுகளுக்கு மேல் செடி படர்ந்தது, மரம் எழும்பியது, மான் வந்தது. பச்சைக் கோடு உச்சிக்குப் போனது. மஞ்சளும் பெரிதாக விழவில்லை. பலகையில் என் பெயர் முதலாவதாக வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பித் துள்ளினேன்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தாய். வழக்கம்போலக் கேலி பண்ணுவாய் என்று நினைத்தேன்.

"இந்த ஊருச் சனம் எங்க?"

"டவுனுக்கு மாத்திட்டன். எப்பிடி?"

"அவங்களிட்டக் கேட்டியா?"

"கம்பியூட்டர்ல இரிக்கிற சனத்திட்ட என்னத்தக் கேக்கிற? உனக்குப் பைத்தியமா?"

நீ என்னைத் தள்ளிக்கொண்டு பாதிக் கதிரையில் உட்கார்ந்து, மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, அந்தச் சனங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாய். பச்சைக் கோடு சரசரவென்று விழுந்தது. உன் பெயர் மேலே போனது, என் பெயர் கீழே வந்தது. நான் கத்திய கத்தலில் வீட்டுக்குப் பின்னால், கோடியில் நின்ற உம்மா ஓடிவந்தார்.

"எங்கட ஊட்டுக்கு மேலயும் இப்பிடித்தான் மரம் மொளச்சிருக்குமாம்" என்றாய். "வாப்பா போய்ப் பாத்துட்டு வந்தார். கிணத்தக்கூடக் கண்டுபிடிக்க ஏலல்லையாம்."

எனக்கு அது காதில் விழுந்தது. இருந்தும் என் கோபம் ஆறவில்லை. இப்போதும் சொல்கிறேன், அது நான் நியாயமாக ஜெயித்த ஆட்டம். விளையாட்டின் சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. அதைக் கலைக்க உனக்கு உரிமை இல்லை. ஒரு கிழமை உன்னோடு நான் கதைக்கவில்லை.

கதைக்கத் தொடங்கியபோது நீ உங்கள் ஊருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. உன் வாப்பாவும் சாச்சாவும் காணியைத் துப்புரவாக்கப் போயிருந்தார்கள். நான் உன்னிடம் கெஞ்சினேன். ஏஎல் பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டில் இரு, உம்மாவும் சம்மதம் என்றேன். நடுத்துண்டு முழுவதும் உனக்கே என்றும் சொன்னேன். நீ சிரித்தாய், ஆனால் லொறியில் ஏறிவிட்டாய். பதினெட்டு வயதுவரை இந்தக் காற்றைக் குடித்தவள், ஒரு நாளும் காணாத இடத்துக்கு வீடு திரும்புவதுபோல் போனாய். ஓர் ஊரைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். அது என் கூட்டாளியைப் பறித்துக்கொண்டது.

பிறகு டீவியில் உங்கள் பக்கத்தைக் காட்டினார்கள். மேலேயிருந்து எடுத்த படம், பச்சைக்கு நடுவே செம்மண் சதுரங்கள். காட்டை அழிக்கிறார்கள் என்று ஒருவர் சிங்களத்தில் கோபமாகச் சொன்னார். எனக்கு நம் கிரகம்தான் நினைவுக்கு வந்தது. உடனே உனக்கு போனில் கோல் எடுத்தேன்.

"கிணத்துக்குள்ளேயே மரம் புள்ள" என்றாய். "வாப்பா அத வெட்ட முந்தி அழுதுட்டார். இருபது வருசம் எங்கட ஊட்டப் பாத்துக்கிட்டது அந்த மரந்தானே எண்டு."

"அப்ப டீவில சொல்றது?"

"காடும் பாவம், நாங்களும் பாவம். அந்தக் கேம்ல எண்டா ரெண்டு கோட்டையும் நான் ஏத்திருவன். இங்க பட்டன் என்ட கையில இல்லியே."

முற்றத்துப் பாலை மரத்தை மட்டும் வெட்ட விடவில்லை என்றும், அதற்காக வீட்டையே கொஞ்சம் தள்ளிக் கட்டுகிறீர்கள் என்றும் சொன்னாய். ஒரு நாள் வந்து பார் என்றாய். வருகிறேன் என்றேன். உன் ஊரின் அழகை உன் வாயால் கேட்கவே எனக்குப் பொறுக்காது, நேரில் வந்து எப்படிப் பார்ப்பேன் என்று நாளைத் தள்ளினேன்.

கடைசியில் உன் மவுத்துக்குத்தான் வந்தேன். காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை என்று செய்தி வந்தது. நாங்கள் வந்து இறங்கும்போது ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். உன் முகத்தைப் பார்த்த எல்லோர்மீதும் எனக்குப் பொறாமை வந்தது. பாலை மரத்தடியில் என் வயதுப் பெண் ஒருத்தி "என்ட கூட்டாளி" என்று தேம்பிக்கொண்டிருந்தாள். அவள்மீதும் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் தண்ணி ஊத்தி உலகத்தையே கொன்னவங்களா? உங்கட கதையக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. ஒரே உங்கட கதைதான்."

அவள் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம் என்ன கோபம் என்று எனக்குத் தெரியாதா? அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு முதன்முதலாக அழுதேன்.

இன்று நம் கிரகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பக் கொண்டுவந்த கடலோர ஊர் அப்படியே இருக்கிறது. சின்னச் சின்ன ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள். உனக்கும் எனக்கும் இடையில் பெரிய தூரமில்லை. அந்த ஊர்ச் சனங்களை மறுபடியும் நகரத்துக்கு அனுப்பினால் நான் முதலாவது. தடுக்க இந்த முறை நீ இல்லை. மவுஸ் அம்பை அந்த பட்டனில் கொண்டுபோய் வைத்தும்விட்டேன்.

விரல் அமத்தவில்லை புள்ள. மழையைக் குறைத்துப் பார்த்தேன், கண்ணாவை நட்டுப் பார்த்தேன், உன்னைப்போல் அவசரப்படாமலும் இருந்து பார்த்தேன். பச்சை ஏறினால் மஞ்சள் விழுந்தது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை விளையாடியும் இரண்டாவதாகவே இருந்தேன்.

வெள்ளையடிக்கிறவர் நாளைக்கு வருகிறார். கணினியை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னை ஜெயிக்காமல் அதை எப்படிக் கொடுப்பது?