தம்பி வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தம்

இது யார் கையில் கிடைத்தாலும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேறு யாருக்கும் காட்டாதீர்கள். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். என் அம்மா இந்த ஊரில்தான் இனியும் கூலிக்குப் போகவேண்டும். இந்தத் தெருக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கவேண்டும்.

என் ஆசை அப்பாவுக்கு,

நம் வீட்டை ஒட்டிச் சித்தப்பா உர மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிற ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். யாராவது கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பெரிய வகுப்புகளுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா போனில் யாரிடமோ மறியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் குரல் நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சனத்துக்குத் தனியாக இடஒதுக்கீடு கேட்டு எல்லா ஊரிலும் போராட்டம். ஒரு நாள் மனு, ஒரு நாள் மறியல். பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று டிரைவருக்கே தெரிவதில்லை. நீங்கள் போனபோது பஸ் ஸ்டாப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதன் கீழேதான் எல்லோரும் கொடியோடு கூடுகிறார்கள். நீங்கள் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மஞ்சள்காமாலையில் இறந்துபோனீர்கள் என்றுதான் ஊர் நம்புகிறது. அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தேன். எச்.ஐ.வி. என்று காதில் விழுந்தது. "நீங்களும் ரத்தம் பாத்துக்கணும்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். நான் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. புரட்டாசியில் ஆட்டிய தலை. இப்போது தை முடியப் போகிறது. இன்னும் போகவில்லை.

உங்களுக்கு முன்பே தெரியுமா அப்பா? ஊரடங்கில் போர்வெல் வண்டி வேலை நின்றுபோய் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கே "என் தட்ட தனியா வை" என்றீர்கள். தம்பியைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. வடக்கே எங்கேயோ பாறையில் துளை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தவர், வந்ததும் இப்படி எட்டி எட்டிப் போகிறாரே என்று எனக்குக் கோபம். தெரிந்துதான் அப்படிச் செய்தீர்களா?

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு என் உயிர்மேல்தான் பயம். உங்கள் வாய்ப்புண்ணைத் துணியால் துடைத்துவிட்டவள் நான். நீங்கள் மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்தவள் நான். குளிக்கும்போது உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தால் போதும், அன்று முழுக்க பாடம் ஏறாது. யாரிடம் கேட்பது? சயின்ஸ் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் "படிச்சிக்கோங்க" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அப்போதுதான் சித்தப்பா கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வேன் பிடித்தார். நானும் வருகிறேன் என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கண்ணன் பொண்ணு வருது பாருங்கடா! இது இன்னிக்கிக் கேக்கலன்னா நாளைக்கி எந்தக் காலேஜுல எவன் சீட்டு குடுப்பான்?" என்று வேன் கதவைத் தட்டினார். உள்ளே மேலத்தெரு செல்லம்மா அத்தை விடவில்லை.

"மாஸ்க்க கயட்டுடி. போட்டோல மூஞ்சி தெரிய வேணாமா?"

"கொரோனா அத்தே."

"இத்தினி பேரு கத்திக்கினு வர வேன்ல ஒன் மாஸ்க்குக்குப் பயந்துதான் கொரோனா ஓடப்போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கழற்றவில்லை. அந்த மாஸ்க் மட்டும் இல்லையென்றால் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா, தெரியாது.

கோஷம் ஆரம்பித்ததும் கூட்டத்திலிருந்து நழுவி ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகவாழ்வு மையம் என்று ஒரு கதவு. அதை ஒட்டி நம்பிக்கை மையம் என்று இன்னொரு கதவு. எதில் நுழைவது? சீட்டு வாங்குகிற வரிசையில் நிற்பதுபோல் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கதவிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். அங்கே வருகிறவர்களிடம் பேசி விவரம் சொல்கிற ஆலோசகர் அவர்தான்.

"ரொம்ப நேரமா நிக்கிறியே, யாரப் பாக்கணும்?"

"ரத்தம்..."

"அந்த ரூம்ல புண்ணு, வெள்ளைப்படுதல், அந்த மாதிரி நோவுங்களுக்கு வைத்தியம் பாப்பாங்க. இங்க எச்.ஐ.வி.க்கு ரத்தம் பாப்போம். அங்க வரவங்களையும் ஒருக்கா இங்க அனுப்பிடுவாங்க. உள்ள வா."

கதவைச் சாத்தினார். நான் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். "பேரு அப்பறமா சொல்லலாம். மாஸ்க்குக்குள்ள அழுவாத, மூச்சு முட்டும்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இந்த அறையில் சொல்வது வெளியே போகாது, போனால் சட்டப்படி குற்றம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். துணியால் துடைத்தது, வாந்தியை அள்ளியது, கஞ்சி குடித்தது.

"இதுலல்லாம் வராதும்மா. தொட்டா வராது, ஒரே தட்டுல சாப்ட்டா வராது, பக்கத்துல படுத்தா வராது, கொசு கடிச்சா வராது. நீ ஒங்கப்பாவ நல்லா பாத்துக்கின, அவ்ளோதான்."

ஒரே தட்டில் சாப்பிட்டால் வராதாம் அப்பா. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை. தம்பி "அப்பா கிட்ட படுக்கணும்" என்று எத்தனை அழுதான். படுக்க விட்டிருக்கலாம்.

பிறக்கும்போதே எனக்கு இருந்திருந்தால் என்று கேட்டேன். எனக்குப் பிறகு தம்பி தங்கச்சி உண்டா, அவன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு ரத்தம் பார்த்திருப்பார்களே என்று அவர் திருப்பிக் கேட்டார். பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று சொன்னார்களாம் என்றேன். "அப்ப ஒனக்கு அம்மா வழியா வந்திருக்க வாய்ப்பில்ல" என்றார். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. எழுந்துகூட விட்டேன்.

"இரு. தம்பிக்கு அப்பறம் அம்மாவுக்கு எப்பவாவது பாத்தீங்களா?"

மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

"அது அன்னிக்கு எடுத்த ரத்தம்மா. அன்னிக்கு இல்லன்னா அன்னிக்கு இல்ல, அத்த மட்டும்தான் அது சொல்லும். அதுக்கப்பறம் ஒங்கப்பா எத்தினி தடவ வூட்டுக்கு வந்துட்டுப் போயிருப்பாரு?"

ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவீர்கள். ஆடிக்கும் வருவீர்கள். பை நிறைய பேரீச்சம்பழத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குவீர்கள். அம்மா அன்றைக்கு மட்டும் பூ வாங்கி வைத்துக்கொள்வாள். இறங்கின மூட்டை அப்படியே திரும்பி வந்து என்மேல் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை எனக்காக இல்லை.

அம்மா மெலிந்துவிட்டாள் அப்பா. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கல்வராயன் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போனால் எல்லோருக்கும் முன்னால் ஏறுவாளே, இப்போது பாதி மேட்டில் கல்லில் உட்கார்ந்துவிடுகிறாள். இருமல். கொரோனா என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், அது இல்லை. பிறகு என்ன?

பரிசோதனை எப்படி நடக்கும் என்று அந்த ஆலோசகர் பொறுமையாகச் சொன்னார். முதலில் பேசுவார்களாம். சம்மதம் சொன்னால்தான் எடுப்பார்களாம். கொஞ்சம் ரத்தம், பெரும்பாலும் அன்றைக்கே பதில். முதல் சோதனையில் இருப்பதாகக் காட்டினால் அதை வைத்து முடிவு சொல்லமாட்டார்களாம். வேறு வேறு விதமாக இன்னும் இரண்டு முறை பார்த்துத்தான் சொல்வார்களாம். கிருமி உள்ளே வந்த புதிதில் சில வாரம், மூன்று மாதம் வரைகூட, சோதனையில் தெரியாமல் போகலாம். அம்மாவுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது, இப்போது எடுத்தால் தெளிவாகத் தெரிந்துவிடும் என்றார். தம்பி கைக்குழந்தையாகப் பால் குடித்த காலமும் இருக்கிறதே, அவனுக்கும் எதற்கும் பார்த்துவிடலாம் என்றார்.

"இருக்குதுன்னா?" என்று கேட்டேன்.

"மாத்திர இருக்குது. சும்மாவே தராங்க. நாள் தவறாம போட்டா வேலைக்கிப் போலாம், பேரப்புள்ள எடுக்கலாம். ஒங்கப்பா கடைசில வந்து படுத்தாரு. அம்மா முன்னாடியே வரட்டும்."

எனக்கும் எடுத்துவிடுங்கள் என்றதற்கு, பதினெட்டு ஆகாததால் அம்மா வந்து சம்மதம் சொல்லவேண்டும் என்றார். "நீ வாதாடி ஜெயிக்க வேணாம். வாசல் வரைக்கும் கூட்டிக்கினு வா. மிச்சத்த நான் பேசிக்கறேன்."

திரும்பி வேனில் ஏறியதும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "கோஷம் போடச்சொல்லோ ஆளே காணோம்?"

"பாத்ரூம் தேடிக்கினு போனேன் சித்தப்பா."

"இத்தினி நேரமா? கலெக்டரு வூட்டுக்கே போயிட்டியா?"

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இன்று சாயங்காலம் அம்மா காலில் செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் அங்கே போய்வந்ததையும் அவள் வந்து ரத்தம் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன். சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. யார் சொன்னது, யாரிடமெல்லாம் பேசினாய் என்றாள். பிறகு குரலை அடக்கிக்கொண்டு, "எனக்கு அப்பவே பாத்துட்டாங்கடி. ஒந்தம்பி வயித்துல இருக்கச்சொல்லோ. ஒண்ணும் இல்லன்னு நர்சம்மாவே சொல்லிச்சி. ஒருக்கா இல்லன்னா இல்லதான்" என்றாள்.

அது அன்றைக்கு எடுத்த ரத்தம் என்றேன். கேட்கவில்லை. அவள் பயம் வேறு என்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

"நாலு பேரு பாக்கறாப்புல அந்த ரூமுக்குள்ள போனா ஒங்கப்பாவுக்கு இன்னா நோவுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். பேனர்ல சிரிச்சிக்கினு நிக்கிறாரு, அந்த மூஞ்சில சாணி அடிப்பானுங்க. ஒனக்கு சம்மதமாடி?"

"நீ செத்தா ஒனக்கும் ஒரு பேனரு கட்டுவாங்கம்மா. நானும் தம்பியும் ரெண்டையும் பாத்துக்கினு பஸ் ஏறட்டுமா?"

கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இந்த நேரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், அவள் சாப்பிடவில்லை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன் அப்பா. உங்கள் பேரைக் காப்பாற்றத்தான் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். உங்களுக்கு அந்தப் பேர் வேண்டுமா, அம்மா வேண்டுமா? எங்கே வந்தது, எப்படி வந்தது என்று நான் கேட்கமாட்டேன். அந்த ஆலோசகர்கூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் எப்படியாவது சொல்லுங்கள். கனவிலாவது. என் பேச்சு எடுபடவில்லை. உங்கள் பேச்சை என்றைக்கும் தட்டியதில்லையே அவள்.

சித்தப்பா போனை வைத்துவிட்டார். தெருவில் நாய் குரைக்கிறது. வெளியே யாரோ நடக்கிறார்களா, இல்லை எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா?

சீக்கிரம் முடிக்கிறேன். நாளை பஸ் ஓடினால் பஸ்ஸில், மறியல் என்று நிறுத்தினால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில், பின்னால் உட்கார வைத்தாவது அம்மாவை அந்த வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நாளை வரமாட்டேன் என்று அவள் சொன்னால் நாளை மறுநாள். அதற்கும் அடுத்த நாள். பதில் எதுவாக வந்தாலும் எங்கள் வீட்டில் இனி யாருக்கும் தனித் தட்டு கிடையாது. இது சத்தியம்.

உங்கள் வாயைத் துடைத்த,
உங்கள் மூத்த மகள்

கதவு தட்டுகிறார்கள். அம்மா. திற என்று சொல்லவில்லை, வெளியில் நின்றபடியே கேட்கிறாள்: "அவுங்க எத்தினி மணிக்கிடி தொறப்பாங்க?"