மழை பெய்யாத வருஷத்துத் தீர்ப்பு

மே 6, செவ்வாய்

காலையில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. மெக்கானிக்குக்கு நான்தான் பக்கத்தில் நின்று வழி சொன்னேன். அவன் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து சரி பண்ணினான். நான் சொல்லாவிட்டால் அவனுக்கு எதற்கு நேர்மாறு என்று தெரிந்திருக்குமா?

சாயங்காலம் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. உட்கார்ந்தால் நாற்காலி எது, இவன் எது என்று தெரியாது, அவ்வளவு அமைதி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். இதுவரை ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இன்று அவன் முகம் நன்றாக இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் புது நிர்வாகம். டிரைவர்கள் எல்லோரும் போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம். இவனுக்கு வந்ததில், 'முன்பு ஒரு வழக்கு இருந்தது, முடிவு தெரியவில்லை' என்று ஒரே வரி. நம்பர் இல்லை, வருஷம் இல்லை. பள்ளி திறப்பதற்குள் தீர்ப்பின் நகலைக் கொண்டு வராவிட்டால் வேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம்.

"கவலைய விடு. கோர்ட்டுல என்னைத் தெரியாதவன் கிடையாது. ஒரே நாள்ல வாங்கிட்டு வரேன்" என்றேன்.

அவன் "சரி அத்தான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கு அதுவே பேருரை.

மே 7

அந்த வழக்கை மறக்க முடியுமா! புயல் அடித்த வருஷம். மார்க்கெட்டில் ஏழு பேர் இரும்புக் கம்பியோடு இவனைச் சுற்றிவளைத்தார்கள். இவன் அப்போது சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கொட்டுகிற மழையில் ஒற்றை ஆளாக அடித்து நொறுக்கினான். கேஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த மாதிரி சாட்சியை என் சர்வீஸில் பார்த்ததில்லை" என்றார். அப்புறம் விடுதலைதான்.

இதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்ல மெருகு ஏறுகிற விஷயம்.

மனைவி மட்டும், "அந்த வாயை வச்சுக்கிட்டுப் போயி காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்றாள். பொறாமை.

மே 9, வெள்ளி

கோர்ட்டுக்குப் போனேன். குவிமாடம் வைத்த பெரிய கட்டடம். விசாரணை ஜன்னலில் இருந்தவரிடம் வழக்கின் பெருமையை முழுதாகச் சொன்னேன். கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"அடிதடிதானே? அது இங்க வராது சார். பின்னாடி தெருவுல கீழ்க் கோர்ட். நகல் பிரிவுன்னு போர்டு இருக்கும்."

'அடிதடிதானே'யாம்! என்ன ஏளனம்!

கீழ்க் கோர்ட் ஒரு பழைய மஞ்சள் கட்டடம். நகல் பிரிவில் ஒரு அம்மா. கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"கேஸ் நம்பர்?"

"அம்மா, அந்தக் கேஸை ஊரே பேசிச்சு."

"ஊருக்கு நம்பர் தெரியுமா?"

எனக்கே வாய் அடைத்துப்போனது. அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அப்புறம் மனசு இறங்கிச் சொன்னாள். நாளைக்கு யாராவது கேட்டால் உதவும், எழுதிவைக்கிறேன். எந்தக் கோர்ட், எந்த வருஷம், வாதி பிரதிவாதி யார், இந்த மூன்றும் வேண்டும். நம்பர் தெரிந்தால் உடனே நகல் மனு போடலாம். தெரியாவிட்டால் வருஷத்தைச் சொன்னால் அந்த வருஷத்துப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். மனுவில் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து கேட்டால் சுலபம். வேறு ஆள் கேட்டால் எதற்கு என்று காரணம் எழுதிப் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும்.

"நீங்க யாரு அவருக்கு?"

"முக்கிய சாட்சி."

மேலும் கீழுமாகப் பார்த்தாள். "வருஷத்தைச் சொல்லுங்க. இருக்கான்னு மட்டும் பாத்து வைக்கறேன்."

புயல் அடித்த வருஷத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 12

கோர்ட் விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் கேட்டார்கள். நீதிபதியோடு டீ சாப்பிட்டேன் என்றேன்.

மே 14

"அந்த வருஷத்துல உங்க ஆள் பேர்ல ஒண்ணும் இல்லை சார்."

"சரியாப் பாருங்கம்மா! அன்னிக்குப் புயல். கோர்ட் வாசல்ல மரமே விழுந்துச்சு."

"மரம் விழுந்ததெல்லாம் பதிவேட்டுல ஏத்த மாட்டோம்."

முன் வருஷம், பின் வருஷம் இரண்டையும் பார்க்கச் சொன்னேன். முனகிக்கொண்டே பார்த்தாள். இல்லை. எப்படி இல்லாமல் போகும்? எங்கள் வீட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் அந்த வருஷத்தைத்தான் சொல்வார்கள். என் மனைவி சொல்வாள். மச்சினன் பெண்டாட்டி சொல்வாள். அவன் மகள் பாப்பா, காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறாள், அவள்கூடச் சொல்வாள்.

இத்தனை பேருக்கும் யார் சொன்னது என்று பஸ்ஸில் யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

வக்கீலைக் கேட்கலாம் என்றால் அவர் காலமாகிவிட்டார். அவருடைய கட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்களாம்.

மே 19, திங்கள்

எப்படி எழுதுவது?

பள்ளிக்கூடத்துக்கு மச்சினனும் நானும் போனோம். இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று. ஆபீஸ் மேலாளர் அம்மா மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க வேலையில ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இது சின்ன கேஸ்தான்னு நீங்க சொல்றீங்க. உங்க அத்தான் சொன்னது வேற மாதிரி இருக்கே?"

"யாரு?" என்றேன்.

"நீங்கதான் சார். போன வருஷம் கேட்டுல நின்னு எங்க வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்களாம். ஏழு பேரை அடிச்சாரு, அதுல ஒருத்தன் பொழைக்கவே இல்லைன்னு. அது பெத்தவங்க காதுக்கும் போயிருக்கு. எழுத்துல தீர்ப்பு பார்க்காம நான் எப்படிப் புள்ளைங்களை அனுப்புறது?"

ஒருத்தன் பிழைக்கவில்லை என்று நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். வாட்ச்மேன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்படிக் கேட்கிறவனிடம் எல்லோரும் பிழைத்தார்கள் என்றா முடிப்பது?

திரும்பி வருகிற வழியில் மச்சினன் என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை. சிக்னலில் நின்றபோது, வேன் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் ஒன்று உரிந்திருந்ததை விரலால் அழுத்தி ஒட்டினான். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மே 20

சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவி, "உடம்புக்கு என்ன?" என்றாள். வாய்க்கு, என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

மே 21

இன்று அவனையும் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். சம்பந்தப்பட்டவரே வந்தால் சுலபம் என்று அந்த அம்மா முதல் நாளே சொன்னாள். நான்தான், உனக்கு எதற்கு அலைச்சல், நான் இருக்கும்போது என்று தனியாகவே போய்க்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்க சார்" என்றாள். "நீங்க சொல்லுங்க. எந்த வருஷம்?"

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"புயல் வருஷம் இல்லீங்க."

"டேய்! அன்னிக்குக் கொட்டு கொட்டுன்னு..."

"அன்னிக்கு மழையே இல்ல அத்தான். நல்ல வெயில். நீங்கதான் பின்னாடி மழையைச் சேர்த்தீங்க. மொதல்ல தூறல்னு சொன்னீங்க. பாப்பா ஸ்கூல் சேர்ந்தப்ப அது மழையாச்சு. உங்க வீட்டு ஓடு பறந்தப்புறம் புயலாச்சு."

அந்த அம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

"அப்ப எந்த வருஷம்?"

"பாப்பாவுக்கு அப்பதான் மொதப் பல்லு முளைச்சிருந்துச்சு. வாய்தாவுக்கு வாய்தா தூக்கிட்டு வருவோம். அவ அம்மாவுக்கு அப்ப உடம்பு சரியில்ல. நான் உள்ள நிக்கிறப்ப அத்தான்தான் வராந்தாவுல அவள வச்சிருப்பாரு. தீர்ப்பு சொன்ன அன்னிக்கு இவர் வெரலக் கடிச்சு வச்சிட்டா."

பாப்பா பிறந்த வருஷம் தெரியும். பல் முளைத்தது எப்போது என்றும் தெரியும். அடுத்த வருஷம்தான். புயலுக்கு எவ்வளவோ முன்னால்.

அந்த அம்மா உள்ளே போனாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அதே வராந்தா. அதே தூண். தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் அழ மாட்டாள், நின்றால் அழுவாள். அவள் அழுதால் உள்ளே இவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், வக்கீல் முறைப்பார். அதனால் நான் நிற்கவே இல்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தூசி படிந்த கையோடு அந்த அம்மா வந்தாள். ஒரு சீட்டில் நம்பர் எழுதியிருந்தது.

"இருக்கு. பழைய கேஸு, அதனால தீர்ப்பு மட்டும்தான் கிடைக்கும். சாட்சி சொன்னது, மத்த காகிதமெல்லாம் காலம் முடிஞ்சதும் அழிச்சிடுவாங்க."

சாட்சி சொன்னது அழிந்ததற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ நிம்மதியாக இருந்தது.

மனுவை அவன் கையாலேயே எழுதினான். நான் ஸ்டாம்ப் ஒட்டினேன். கோணலாக ஒட்டிவிட்டேன். பரவாயில்லை என்றாள்.

மே 26

நகல் தயாரில்லை. நீதிபதியோடு டீ சாப்பிட்டதாக யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

கிடைத்துவிட்டது! முத்திரை, கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப். பஸ்ஸில் நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படித்தோம். 'எதிரி' என்று வருகிற இடமெல்லாம் அவன்தான். கோர்ட் பாஷை. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக ஒரே ஓர் ஆளோடு தள்ளுமுள்ளு. அந்த ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. யார் முதலில் தள்ளினார்கள் என்று நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. ஏழு பேரும் இல்லை, கம்பியும் இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு வரி: 'எதிரி தரப்பில் சாட்சிகள் எவரும் விசாரிக்கப்படவில்லை.'

அவனும் படித்தான். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

நேராகப் பள்ளிக்கூடம். மேலாளர் அம்மா முழுவதையும் படித்தாள். "இவ்வளவுதானா!" என்றாள். நகலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, "அடுத்த திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது, வண்டியை எடுங்க" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாட்ச்மேன் சலாம் வைத்தான். அப்போதும் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பாப்பா உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக. அந்தப் பக்கம் வந்தது. 'எதிரி தரப்பில்' என்று வாயெடுத்தாள்.

"இங்க குடும்மா. எண்ணெய்க் கை, கறை ஆயிடும்" என்று மச்சினன் காகிதத்தை வாங்கி மடித்துவிட்டான்.

மனைவி விடுவாளா? "இவரு சாட்சி சொன்னது எங்கடா? அதைக் காணோமே!"

என்னைப் பார்க்காமலே சொன்னான். "அதெல்லாம் வேற கட்டு, அக்கா. வருஷமாச்சுன்னு அழிச்சிட்டாங்களாம். அத்தான் நல்லாத்தான் சொன்னாரு. நீதிபதி பேனாவைக் கீழ வச்சிட்டாரு."

அவன் பெண்டாட்டி வாயைப் பிளந்தாள். அவன் பொய் சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

நான் எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவினேன். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 9

பள்ளி திறந்துவிட்டது. காலையில் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. உள்ளே ஒரே கூச்சல். பூ ஸ்டிக்கர் எல்லாம் புதுசு.

மாடி வீட்டுப் பெண் வந்திருந்தாள். அவளுடைய தங்கைக்கு விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேண்டுமாம். தங்கை திரும்பக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாள், பதிவு ஆபீசில் கேட்கிறார்கள். எங்கே போவது, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முழிக்கிறாள்.

"யாரையும் பிடிக்க வேணாம்மா. கேஸ் நடந்த கோர்ட்டோட நகல் பிரிவுக்குப் போங்க. நம்பர் இருந்தா நம்பர். இல்லாட்டி வருஷம். வருஷம் மட்டும் சரியா இருக்கணும். உங்க தங்கச்சியையே கூட்டிட்டுப் போங்க, நீங்க தனியாப் போனா அலைய விட்டுடுவாங்க. ஸ்டாம்பை நேரா ஒட்டுங்க" என்றேன்.

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், வேறு யாரோ பேசுகிறார்களோ என்று.

"உங்களுக்கு எப்படி மாமா இதெல்லாம் தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

"மச்சினன் கேஸு ஒண்ணு இருந்துச்சும்மா. நான் வெளிய வராந்தாவுல கொழந்தைய வச்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு வெயில்னா வெயில், அப்படி ஒரு வெயில். வாசல் தாரு உருகி ஒரு வக்கீலோட செருப்பு ஒட்டிக்கிச்சு. மனுஷன் வெறுங்காலோடதான் உள்ள போயி வாதாடினாரு..."