பச்சைக் காரை விற்பது குறித்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "எல்லாம் ஓகேம்மா" என்ற ஒரே பதில்தான் வருகிறது. மேலே ஏதாவது பேச ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. மாடி அறையில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. உன் பெண்டாட்டிக்கு லேபில் மூச்சுவிட நேரமில்லை. ஊரில் பாதிப் பேர் பல் செட்டுக்குக் காத்திருக்கிறார்களாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "கார் ஓடாம சும்மாதானே கெடக்கு, வித்துடுங்க. நான் இப்போதைக்கு அங்க வர்ற மாதிரி இல்ல" என்று அப்பாவிடம் போனில் சொன்னாய். அவர் காதில் முன்பாதி விழுந்தது. என் காதில் பின்பாதி விழுந்தது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த உன் பெண்டாட்டிக்கு இரண்டும் விழுந்திருக்கும். அந்தப் பச்சைக் காரை நீங்கள் இருவரும் சேர்ந்துதான் வாங்கினீர்கள். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் அதன் அடியில்தான் குடித்தனம் நடத்தினீர்கள். அதையும் விற்றுவிட்டால் நீ திரும்பி வரப்போவதில்லை என்றுதானே அவள் எடுத்துக்கொள்வாள்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

வாங்குவதற்கு ஒருவர் வந்தார். பழைய கார்களைச் சேர்த்து வைப்பவர். கதவை அவர் மெதுவாகச் சாத்திய விதத்திலேயே நல்ல மனிதர் என்று தெரிந்தது. எஞ்சினைப் பார்த்துவிட்டு, "பாடி அருமையா இருக்கும்மா. ஆனா இந்த டிஸ்ட்ரிபியூட்டர் இந்த வண்டியோடது இல்லன்னு தோணுது. காயிலும் வேற. கம்பெனியில வந்த பாகமெல்லாம் இருந்தாத்தான் நான் எடுப்பேன்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ஒயரையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு நிற்குமே, அந்த உருண்டை. காயில் தருகிற கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். இதெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. அவர் அதன் மூடியைக் கழற்றிப் பார்த்து, "உள்ள சுத்தற ரோட்டரையும் காணோமே, இது இல்லாம வண்டி எப்படி ஓடும்?" என்றும் கேட்டார். உன் பெண்டாட்டி மூடியை வாங்கித் திரும்ப மாட்டினாள்.

அவர் அப்படியே போயிருந்தால் விற்பனை நின்றிருக்கும். அவளுக்கும் அதுதானே வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் உன் பெண்டாட்டி, "இது இந்த வண்டியோடதுதான் சார். கொஞ்சம் டைம் குடுங்க, காட்டறேன்" என்றாள். எனக்கு அவளைத் தலையில் குட்டலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மறுநாளே வேலையில் இறங்கினாள். பாகத்தின் மேல் எண் குத்தியிருப்பார்களாம், அது எஞ்சின் பக்கமாகத் திரும்பி இருந்தது. லேபிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து இடுக்கில் நுழைத்தாள். உன் அப்பா சும்மா இருப்பாரா? கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்து, எண்ணை இடவலம் மாற்றிப் படித்துவிட்டு, "இது ஏதோ வேற வண்டியோடதும்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

பிறகு கழற்றி மேசைமேல் வைத்தாள். எண் பாதிதான் தெரிந்தது. அப்பா உதவுகிறேன் என்று உப்புத்தாளோடு வந்து நின்றார். அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து, "அழுக்கை எடுங்க மாமா, எழுத்தை எடுத்துடாதீங்க" என்றாள். மண்ணெண்ணெயும் பல் பிரஷும்தான் அவள் ஆயுதம். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணும், அதன் கீழே அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் தெரிந்தன. கார் செய்யப்பட்டதற்குச் சில வாரங்கள் முந்திய தேதி. பிறகு மாட்டிய பாகமாக இருந்தால் தேதி பிந்தியிருக்குமாம். குழந்தை பிறக்கும் முன்னே தொட்டில் வாங்கி வைப்பது போலத்தான் இதுவும். வாங்க வந்தவரைக் குழப்பியது மேல்மூடி. அதை மட்டும் யாரோ எப்போதோ வேறு நிறத்தில் மாற்றியிருக்கிறார்கள். சரியான நிற மூடிக்காக எத்தனை பழைய சாமான் கடை ஏறி இறங்கினாள் தெரியுமா? காலில் கொப்புளத்தோடு வந்து நின்றாள். மூடி கிடைத்திருந்தது.

காயில் கதையைக் கேட்டால் சிரிப்பாய். பழசைக் கழற்றி நீ எங்கே போட்டாய் என்று ஷெட்டையே தலைகீழாக்கினோம். கடைசியில் பார்த்தால் ஷெட் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருக்க உன் அப்பா முட்டுக் கொடுத்து வைத்திருப்பதே அதுதான். கனமாக, உருண்டையாக, தோதாக இருந்ததாம். மீட்டர் வைத்துப் பார்த்தாள், உயிரோடுதான் இருந்தது. இப்போது ஜன்னலுக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறோம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே இருக்கும் சின்ன எடைகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அப்பா சுத்தியலைத் தேடினார். அவள் எண்ணெய் விட்டு மூடி வைத்தாள். தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு சொட்டு விட்டு, லேசாக அசைத்துப் பார்த்து, மூடிவிட்டு வந்துவிடுவாள். எனக்குத்தான் பொறுமை போயிற்று. "புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டேன். "தேய்ஞ்சு போறதை மாத்தலாம் அத்தை. இது தேயல, இறுகிப்போயிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். ஒருநாள் மாலை அது தானாகவே அசைந்து கொடுத்தது. கண்டென்சர் என்கிற சின்னக் குப்பி மட்டும் செத்திருந்தது, அதை மாற்றினாள். கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயின்டை அரத்தால் பட்டும் படாமல் தேய்த்து இடைவெளி வைத்தாள். நான் என் வாழ்நாளில் இவ்வளவு நுணுக்கமான கையைப் பார்த்ததில்லை. நீயும் கெட்டிக்காரன்தான், ஆனால் இந்தக் கை உனக்கு வராது. பெற்றவள் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை புது ரோட்டர் ஒன்றைப் போட்டுச் சாவியைத் திருப்பினாள். இருமியது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றார். கார்க்காரர் வந்தார், கண்ணாடி வைத்து எண்ணைத் தானே படித்தார், "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. வண்டியை இன்னிக்கே எடுத்துக்கட்டுமா?" என்றார். அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இல்ல சார். இன்னும் ஒரு பாகம் ஒரிஜினல் இல்ல. அது வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் போனார்.

அவர் போனபின் எந்தப் பாகம் என்று கேட்டேன். "ரோட்டர், அத்தை. அது உங்க பிள்ளைகிட்ட இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரை எங்கே நிறுத்தினாலும் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வாயே. "இது இல்லாம எவனும் வண்டியைத் திருட முடியாதும்மா" என்று பெருமை வேறு. உன் சட்டைகளில் அந்தக் கறையைத் துவைத்துத் துவைத்து என் கை ஓய்ந்தது. நீ கிளம்புவதற்கு முந்தின நாளும் காரை நிறுத்திவிட்டு அப்படியேதான் உள்ளே வந்தாய். வெளிநாட்டு வேலைக்குத் தன்னைக் கேட்காமலே நீ கையெழுத்துப் போட்டுவிட்டதாக அவள் சொன்னாள், நீ பதிலுக்குச் சொன்னாய், வார்த்தை தடித்தது, மறுநாள் அதே சட்டையோடு விமானம் ஏறிவிட்டாய். கார் ஓடவில்லை என்று எங்களிடமே சொல்கிறாய். அது ஏன் ஓடவில்லை என்று உனக்குத் தெரியாதா? அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அனுப்பி வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவள் பானெட்டை மூடிவிட்டுப் போய்விட்டாள். புது ரோட்டரையும் கழற்றிவிட்டாள் போல, இன்று அப்பா சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பவில்லை.

அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். அப்பா சொல்வதையெல்லாம் நீ கேட்காவிட்டாலும் போகிறது, இந்த ஒன்றை அம்மாவுக்காகக் கேள். அந்தச் சட்டைப் பையைத் தேடிப் பார். இருந்தால் தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. தூக்கிப் போட்டிருந்தால், அதையும் நேரில் வந்து அவளிடம் சொல்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அம்மா