ஒரு குதி குதித்த பந்து

டன்னிங்டன்
20 டிசம்பர் 1864

அன்புள்ள லெமுவேல்,

நம் ஒலிவக்கிளை பேஸ்பால் கழகம் நேற்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. தொப்பி நாடா இனி நீலமல்ல, கருஞ்சிவப்பு. நம் தேவாலயத்து டீக்கன் பேட்ஸ் கண்கலங்கினார்.

இன்னொரு சிறு விஷயம். வரும் கோடையில் நீ இரண்டாம் அணியில் ஆடுவாய். பந்தை அந்தரத்திலேயே வெறுங்கையால் பிடிப்பது பகட்டு என்பது கழகத்தின் கருத்து. ஒரு குதி குதித்தபின் பிடித்தாலும் அடித்தவர் அவுட்தானே; கனவான்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். "லெம் எங்கே ஆடறான், வித்தையில்ல காட்டறான்" என்றார் டீக்கன். யாரும் மறுக்கவில்லை, நானும்தான்.

பிரதிநிதிப் பதவியும் இனி டீக்கனுக்கே. நீ போயிருக்கும் நியூயார்க் மாநாட்டைப் பற்றித் திரும்பி வந்து அறிக்கை வாசிக்க வேண்டியதில்லை.

மாறாத அன்புடன்,
ஓபதையா கிரேன், செயலாளர்

23 டிசம்பர் 1864

அன்புள்ள ஓபதையா,

கருஞ்சிவப்பு உங்களுக்குப் பொருந்தும். மாநாட்டைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன். கழகத்தில் எல்லோரும் படிக்கும் நியூயார்க் பத்திரிகை என் பெயரில் வருவது. இனி என் வீட்டுக்கே வரும். ஆற்றுக்கு அக்கரையில் ஹார்லோ கழகத்தார் தங்கள் அணியில் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே பகட்டுக்குத் தடையில்லை.

பனி உருகியதும் கனவான் முறையில் நன்றாகப் பயிற்சி செய்யுங்கள்.

உன்,
லெமுவேல் டாட்

19 ஜூன் 1865

லெம்,

சனிக்கிழமை ஆட்டத்தில் நீ ஹார்லோ பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாய். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பந்தும் குதிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து பிடித்தார்கள். நடுவர் அவுட் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒரு குதிதானே ஐயா குதிச்சுது?" என்று கேட்டார் டீக்கன்.

"அந்தச் சட்டத்தை டிசம்பர் மாநாட்டுலயே தூக்கியாச்சு, பெரியவரே. உங்க ஊர்லேர்ந்தும் ஒருத்தர் வந்திருந்தாரே."

இரண்டு ஊரும் சிரித்தது. அறுபத்தொன்றுக்கு ஒன்பது. வழக்கப்படி ஜெயித்தவர்களுக்கு நாங்களே விருந்தும் வைத்தோம். பன்றித்தொடையை நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல். முதல் அணியில் உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஓபதையா

22 ஜூன் 1865

ஓபதையா,

தெரியும். அதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று நியூயார்க்கிலிருந்து ரயிலில் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் மேசைமேல் உன் கடிதம்.

டீக்கன்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என் நண்பரல்ல.

ஜூலை நாலாம் தேதி மறு ஆட்டத்துக்கு வருகிறேன், ஹார்லோ தொப்பியுடன். பன்றித்தொடை நன்றாக வெந்திருந்தது. அதையே செய்யச் சொல்.

லெமுவேல்

7 ஆகஸ்ட் 1865

திரு. டாட் அவர்களுக்கு,

ஒலிவக்கிளை பேஸ்பால் கழகம் கலைக்கப்பட்டது. மைதானத்தில் டர்னிப் கிழங்கு விதைத்திருக்கிறார்கள்.

ஓ. கிரேன்