சமையலறை உள்ள வீடு

அக்காவுக்கு,

விடுமுறைக்கு நீ பிடித்திருக்கும் வீட்டின் படங்களைப் பார்த்தேன். அத்தானுக்கு நீச்சல் குளம், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், உன் மாமனார் மாமியாருக்குக் கீழ்த்தளத்தில் அறை. ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கும் என்று பொறுப்பாகத்தான் யோசித்திருக்கிறாய். சாப்பாட்டுச் செலவும் மிச்சம் என்றாய். "சமையலறை இருக்கு, அதான் அம்மா வர்றாங்களே."

முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை உணவகத்தில் சமைத்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றாள் அம்மா. அதைக் கொண்டாடத்தானே இந்தப் பயணம்?

நேற்று பெட்டியில் துணிகளுக்கு நடுவே மிக்சி ஜாரை வைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"அங்க இருக்கோ என்னவோ. எட்டுப் பேருக்கு ஆக்கணுமேடி."

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜாரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீ பிடித்திருக்கும் அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற விடுதியில் எங்கள் இருவருக்கும் அறை போட்டிருக்கிறேன். ஜன்னலில் கடல் தெரியாது. அறையில் அடுப்பு கிடையாது. அதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அம்மாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உன் தங்கை