காருக்குத் தளம் போட்ட மச்சான்

அமாவாசைக்கு மறுநாள், புதன்

நேற்று போனில் மச்சான் ஏழுமலையிடம், "நாளைக்கு தளம் போடறன், ஒரு கை பிடிக்க வா" என்றேன். பட்டறைக்கு வந்திருந்த, கூரை இல்லாத ஒரு பழைய காரின் துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைப்பதைத்தான் சொன்னேன். செஞ்சியில் என் பட்டறையில் அதற்குப் பெயர் தளம். அவனோ வல்லத்தில் கொத்தனார்; அவனுக்குத் தளம் என்றால் வீட்டுக்குப் போடும் கான்கிரீட் கூரை. காலையில் குட்டியானை வண்டி நிறைய முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கழியோடு வந்து இறங்கினான்.

"எந்த ரூமுக்கு மாமா தளம்?"

காரைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அதைச் சுற்றி வந்து, "மேல கூரையும் இல்ல. அடியையும் எடுத்துட்டா நடுவுல மடிஞ்சுக்காதா? முட்டு எங்க?" என்றான்.

இருபது வருடமாக டிங்கர் வேலை பார்க்கிறேன். குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன்.

கழிகளை அளவாக அறுத்துக் காருக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுத்தான். கதவு இடைவெளிகளில் நான் குறுக்கே பைப் வைத்து வெல்டிங் அடித்தேன். அப்புறம்தான் தகட்டை வெட்டினோம். சாயங்காலம் புதுத் தகட்டைப் பொருத்தி முடித்துப் பைப்பை எடுத்ததும், வண்டி கொஞ்சமும் மடியாமல் இரண்டு கதவும் டக்கென்று சாத்திக்கொண்டன. தளம் போட்டால் கறிசோறு போட வேண்டுமாம். கேட்டு வாங்கித் தின்றான்.

கை கழுவும்போது, "நான் வரலன்னா இன்னா பண்ணியிருப்ப மாமா?" என்றான்.

"முட்டுக்குதான்டா கழி தேடினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அவன் ஹாரன் அடித்ததால்தான் அடித்தகட்டை வெட்ட ஓடிக்கொண்டிருந்த கட்டரையே நிறுத்தினேன்.