துடிக்குக் காது கேட்ட எபிசோடு

ஜூன் 7, சனி

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி காயவில்லை, வீடெல்லாம் ஈரவாடை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். என் போன் விளையாட்டு டிவியில் கார்ட்டூன் சீரியல் ஆகிறது; எபி. 1 கதை இன்றே சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

டைரக்டர் மறுபடி போன். "மீனா, உங்க கேம்ல போன் அதிருது, பிள்ளைங்க கையில உணர்றாங்க. டிவி அதிராதே. காது கேட்காத ஹீரோவை வச்சு மியூசிக் சீரியல் எப்படிப் பண்றது? முதல் எபிசோடுலயே கேட்க வச்சிடுங்க."

நான் செய்த விளையாட்டில் துடி ஒரு குட்டிக் குரங்கு. காது கேட்காது. வாலைத் தரையில் வைத்துத் தாளம் பிடிப்பான். வால் யோசனை அக்கா மகள் கனியுடையது. எட்டு வயது. அவளுக்கும் கேட்காது. துடியே அவள்தான், வால் மட்டும் இல்லை.

"யோசிக்கேன் சார்" என்றேன். யோசிக்கவில்லை. மதியத்துக்குள் எழுதிவிட்டேன். துடி அருவியில் குளிக்கிறான். தலையை உதறுகிறான். கேட்கிறது! எல்லாரும் ஆட்டம், பாட்டு. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் உறுத்துகிறது.

அனுப்பியாச்சு. பதிலுக்கு வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மைகள்.

ஜூலை 10, வியாழன்

வெயில், நடுவே தூறல். உளுந்து, எலுமிச்சம்பழம் வாங்க, குடைக் கம்பி சரிபண்ண. எபி. 1 முழுசாக வந்தது. படம் அழகு. வால் ரொம்ப அழகு. அருவிக் காட்சி வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இலஞ்சியிலிருந்து அக்கா போன். "ஏட்டி, கனி தொந்தரவு தாங்கல. நம்மள மாதிரி ஒருத்தன் டிவில வாரான்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா. படம் வந்துட்டா?"

"இன்னும் முடியலக்கா."

லேப்டாப் எதிரே திறந்தே கிடந்தது.

ஜூலை 12, சனி

சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள், கனியோடு. நான் காபி போட அடுக்களைக்குள். திரும்பி வந்தால் கனி லேப்டாப் முன்னால். அவளே தேடிப் போட்டுவிட்டாள்.

துடி தலையை உதறுகிற இடம். நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி. மறுபடி. சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீயாட்டி எழுதுன?"

"அவங்க கேட்டாங்கக்கா."

"அவங்க கேட்டாங்க. சரி." காபியைத் தொடவில்லை.

கனி என் கையைப் பிடித்து இழுத்தாள். சைகையில்: அருவி. நாளைக்கு. நீ கூட்டிட்டுப் போ.

குளிக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க வசதியாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

குற்றாலம். மெயினருவியில் தண்ணீர் கூடுதல், போலீஸ் விடவில்லை. புலியருவிக்குப் போனோம். அக்கா பையோடு படியில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டம், எண்ணெய் வாசம், பஜ்ஜி. பக்கத்தில் ஒரு அம்மா மகனிடம்: "ஏலே போதும்லே, உதடு நீலமாப் போச்சு."

கனி விளையாடவில்லை. நேரே போய் ஒரு காதைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மறு காதை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிக்க வரவில்லை, காது கேட்க வைக்க வந்திருக்கிறாள்.

வெளியே வந்தாள். துடி மாதிரியே தலையை உதறினாள். என் வாயையே பார்த்தாள். நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் படியில் இருந்த அக்கா பக்கம் பார்த்தேன்.

கனி மறுபடி தண்ணீருக்குள் போகத் திரும்பினாள். பிடித்து உட்கார வைத்து, சைகையில் சொன்னேன். அது பொய். தண்ணீர் அப்படிச் செய்யாது. நான் எழுதினது.

ஏன்?

டிவிக்காரர்கள் என்று தொடங்கிப் பாதியில் விட்டேன். பயந்துட்டேன். வேற ஆளை எழுதச் சொல்லிருவாங்கன்னு பயம். புரிந்ததா, தெரியவில்லை. துண்டை என்னிடம் கொடுக்கவில்லை, அவளே துவட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அக்கா பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 14, திங்கள்

டைரக்டரைக் கூப்பிட்டேன். அருவிக் காட்சி வேண்டாம் சார். துடி அப்படியே இருக்கட்டும். தாளத்தைக் கண்ணுக்குக் காட்டுவோம். மணல் குதிக்கட்டும், குடத்துத் தண்ணீர் நடுங்கட்டும். எல்லாம் நானே எழுதித் தாரேன்.

"டப்பிங் முடிஞ்சாச்சு மீனா. அது அப்படியேதான் போகும்."

"அப்ப மிச்சத்த நான் எழுதலை சார்."

"சரி, வேற ஆள் வச்சுக்கறேன். முதல் எபிசோடுல உங்க பேரு? எடுத்துடவா?"

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கனி ஸ்கூல் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். படிக்கட்டும். யார் செய்தது என்று தெரிய வேண்டும்.

ஜூலை 16, புதன்

சாரல் இல்லை. மின்விசிறி போட வேண்டியிருந்தது. மத்தியானம் இலஞ்சி. அக்கா சோறு போட்டாள். "குழம்பு ஊத்தவா?" அதற்கு மேல் பேச்சு இல்லை.

கனி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து போகவில்லை. துடி கதையை இனி நான் எழுதவில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

முன்னாடி மாதிரி காது கேட்காம இருந்தது துடிக்குப் பிடிக்கலையா?

அவனுக்குப் பிடிச்சுது, என்றேன்.

அப்ப உனக்குத்தான் பிடிக்கலையா?